வேகமா, பிழையா? புற்றுக்கலம் பிரியும் விதம்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் திருகோணமலையைச் சேர்ந்த, நோயியல் ஆய்வுகூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்.)

பயொப்சி எடுத்த சதைத்துண்டு எப்படி மெழுகுக் கட்டியாகி, சீவப்பட்டு, சாயம் ஏறி, கண்ணாடித் தகட்டுக்கு வருகிறது என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புற்றுநோய் பரவுவதைப் பற்றியே கேட்கின்றன. நான் டொக்டர் அல்ல, தகடு செய்தவள். மருந்தைக் கூட்டு, குறை என்று என்னிடம் கேட்காதீர்கள். கண்ணாடிக்குக் கீழே தெரிவதைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

அக்கா, அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் கிரேட் 3, கேஐ-67 40% என்று இருக்கிறது. அக்குள் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிறதாம். கலங்கள் வேகமாகப் பிரிந்ததால்தான் பரவியதா? பரவுகிற கலம் பிரியும் முறையே வேறா?
— உப்புவெளியிலிருந்து ஒரு மகள்

தங்கச்சி, முதலில் அந்த இரண்டு எண்களையும் பார்த்துவிடுவோம். கிரேட் என்பது கலங்கள் எவ்வளவு முறைகெட்டுத் தெரிகின்றன என்பதற்குப் போடும் புள்ளி. மார்பகத்தில் மூன்று விடயம் பார்ப்பார்கள்: கலங்கள் இன்னும் குழாய்போல் அடுக்கி நிற்கின்றனவா, கருக்கள் எவ்வளவு விகாரப்பட்டிருக்கின்றன, பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளி. கூட்டி 8 அல்லது 9 வந்தால் கிரேட் 3. நோய் எங்கெங்கே போயிருக்கிறது என்பதைச் சொல்வது ஸ்டேஜ், அது வேறு கணக்கு. கிரேட் 3 என்பதை மூன்றாம் கட்டம் என்று படித்துவிட்டு வீடே ஒப்பாரி வைத்த கதைகள் எனக்குத் தெரியும்.

கேஐ-67 ஒரு புரதம். பிரிவுக்கு ஆயத்தமாகிற, பிரிகிற கலங்களின் கருவில்தான் இருக்கும். ஓய்வில் இருக்கும் கலத்தில் இராது. 40% என்றால் எண்ணிய புற்றுக்கலங்களில் நூற்றுக்கு நாற்பதின் கரு பழுப்புச் சாயம் பிடித்திருக்கிறது. வெகுகாலம் அதை ஓர் அடையாளமாக மட்டும் பயன்படுத்தினோம், அதற்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 2016இல்தான் வியன்னாவில் ஒரு குழு கண்டுபிடித்தது: பிரியும் நேரத்தில் அது நிறமூர்த்தங்களின் (டி.என்.ஏ. சுருண்ட கட்டுகளின்) மேல் பூச்சாகப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது.

சரி, வேகத்துக்கும் பரவுவதற்கும் வருவோம். வேகமாகப் பிரிந்தால் கட்டி பெருக்கும். பெருத்த கட்டி எல்லாம் ஊர்விட்டு ஊர் போவதில்லை; பயறளவு இருக்கும்போதே எலும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற கட்டியும் உண்டு. அதோடு, நகர்ந்துகொண்டிருக்கும் கலம் அந்த நேரத்தில் பெரும்பாலும் பிரிவதில்லை. பிரிய வேண்டுமானால் கலம் அக்கம்பக்கத்துப் பிடியை விட்டு உருண்டையாகி, உள்ளே இருக்கும் நுண்குழாய்களைக் கலைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். ஊர்ந்து போகவும் அதே குழாய்கள்தான் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது கடினம். கலத்தை நகரும் வடிவத்துக்கு மாற்றுகிற ஸ்னெயில் என்ற புரதம், பிரிவை முடுக்கிவிடும் சைக்கிளின் டி-யை அடக்குகிறது என்பது 2004 முதல் தெரிந்த செய்தி. ஆகவே, வேகம்தான் பரவலுக்குக் காரணம் என்று நேர்கோடு போட முடியாது.

மாறுவது பிரிவின் ஒழுங்கு. மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள். பிரிவுக்கு முன் ஒவ்வொன்றும் இரட்டிப்பாகி, இரட்டையர் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். கலத்தின் இரண்டு பக்கமும் சென்ட்ரோசோம்கள் (நார்கள் கிளம்பும் மையங்கள்) போய் நிலைகொண்டு நுண்குழாய்களை நீட்டும். அந்த நார்கள் இரட்டையரில் ஒருவரை இந்தப் பக்கமும் மற்றவரை அந்தப் பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாரையும் பிடித்து முடிக்கும்வரை கலம் பிரேக் போட்டுக் காத்திருக்கும். அந்தப் பிரேக்கின் மரபணுக்களை 1991இல் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தார்கள், மேட், பப் என்று பெயர்.

இந்தக் காவலில் ஒரு ஓட்டை இருக்கிறது. நார் பிடித்ததா என்று பார்க்கும், யார் யாரைப் பிடித்தது என்று பார்க்காது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுக்கும்போது ஒரே பொடியனின் இரண்டு கைகளையும் இரண்டு அணியும் பிடித்து இழுத்தால் அவன் நடுவில் கிடந்து திண்டாடுவான் அல்லவா? அதே மாதிரி ஒரே நிறமூர்த்தத்தை இரண்டு பக்க நார்களும் பிடித்துவிடும். பிடி இருப்பதால் காவல் பேசாமல் விட்டுவிடும். மற்றவை எல்லாம் இரண்டு பக்கமும் போய்ச் சேர, இது மட்டும் பின்தங்கி நடுவில் நிற்கும்.

நல்ல கலத்திலும் இந்தப் பிழை வருவதுண்டு. ஆனால் பிழையான பிடியை அவிழ்த்துவிடுவதற்கென்றே எம்காக் போன்ற புரதங்கள் அங்கே வேலை செய்யும். புற்றுக்கலத்தில் பிரேக் முழுதாகக் கெட்டிருப்பது அரிது. நாரின் பிடி இறுகிப்போய், அவிழ்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடுவதுதான் அங்கே வழக்கமான கோளாறு. அடிக்கடி பிரிவில் ஒரு நிறமூர்த்தம் கூடும், குறையும். இதனால் ஒரே கட்டிக்குள் விதம்விதமான கணக்குள்ள கலங்கள் உருவாகிவிடும்.

பின்தங்கிய நிறமூர்த்தம் கருவுக்குள் போய்ச் சேராமல் தனியாக ஒரு சின்னக் கருவாக நிற்கும். நுண்கரு என்போம். அதன் சுவர் பலவீனமானது, எளிதில் வெடிக்கும். வெடித்தால் டி.என்.ஏ. கருவுக்கு வெளியே உள்ள குழியவுருவில் கொட்டும். டி.என்.ஏ. இருக்கக்கூடாத இடம் அது. வைரஸ் புகுந்தால்தான் அங்கே டி.என்.ஏ. தென்படும். அதனால் சி-காஸ், ஸ்டிங் என்ற புரதங்கள் வைரஸ் வந்துவிட்டது என்று அபாய மணி அடிக்கும். நியாயமாகப் பார்த்தால் இது புற்றுக்கலத்துக்குக் கேடு. மணி கேட்டு நோயெதிர்ப்புக் கலங்கள் வர வேண்டும்.

2018இல் அமெரிக்காவில் சாமுவேல் பக்கூம், லூயிஸ் கான்ட்லி குழுவினர் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. நாள் முழுக்க மணி அடித்தபடியே வாழப் பழகிய புற்றுக்கலம், அந்த மணியையே தன் வசதிக்குத் திருப்பிக்கொள்கிறது. எதிர்ப்பை அழைக்கும் பாதையை அமுக்கிவிட்டு, அழற்சிக் கலங்கள் இடம்விட்டு இடம் நகர்வதற்கு உதவும் இன்னொரு பாதையைத் திறந்துகொள்கிறது. அதாவது, பிரிவில் வந்த பிழையே கலத்துக்கு நகரும் குணத்தைக் கொடுத்துவிடுகிறது. ஒரே நோயாளியின் முதற்கட்டியையும் பரவிய கட்டியையும் ஒப்பிட்டபோது, பரவியதில் நிறமூர்த்தக் குழப்பம் கூடுதலாக இருந்தது. பிறகு எலிகளுக்கு மனித மார்பகப் புற்றுக்கலங்களைச் செலுத்திப் பார்த்தார்கள். பிழையான பிடியை அவிழ்க்கும் புரதத்தை அந்தக் கலங்களில் கூட்டிவிட்டால் பரவல் வெகுவாகக் குறைந்தது, எலிகளும் கூடுதல் நாள் உயிரோடிருந்தன. ஒரு முடிச்சவிழ்க்கும் புரதத்துக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. இத்தனை காலம் 'பிரிவு இத்தனை' என்று எண்ணிக்கொடுத்த எங்களிடம், பிரிவு எப்படி இருந்தது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு மாற்றம் சென்ட்ரோசோமில். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, நான்கு இருந்தால் நார்கள் மூன்று திசைக்கும் இழுக்கும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹெமற்றொக்சிலின் சாயம் ஏறிய கருநீலத்தில் நிறமூர்த்தக் கூட்டம் ஒரு கோடாக நிற்க வேண்டும். மூன்று முனைப் பிரிவில் அது மூன்று கிளை விரித்து நிற்கும், ஓரங்களில் மயிர்போலச் சிலும்பல்கள் நீட்டியிருக்கும், சுற்றிலும் குழியவுரு வெளிறி, கலம் பெருத்துத் தெரியும். வாய்ப் புற்றுநோய்த் தகடொன்றில் முதன்முதல் அப்படி ஒன்றைக் கண்டபோது குவியத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன், தூசு என்று நினைத்து. டேவிட் வொன் ஹன்சமான் என்ற ஜெர்மன் நோயியலாளர் 1890இலேயே இந்த மாதிரிக் கோணல் பிரிவுகளை எழுதிவைத்துவிட்டார். தியோடர் பொவேரி கடல் முள்ளெலி முட்டைகளில் மூன்று முனைப் பிரிவைப் பார்த்துப் பார்த்து, நிறமூர்த்தக் கணக்குக் குழம்புவதுதான் புற்றுநோயின் மூலம் என்று 1914இல் எழுதினார். சாயமும் கண்ணாடியும் மட்டும் இருந்த காலம் அது.

மூன்றாகப் பிரிந்த கலம் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே கெட்டிக்காரப் புற்றுக்கலங்கள் கூடுதல் சென்ட்ரோசோம்களை இரண்டு குவியலாக ஒதுக்கிவைத்துக்கொண்டு, இரண்டாகவே பிரியும். அப்போது பிழையான பிடிகள் கூடும், ஆனால் சாகிற அளவுக்குக் கூடாது. 2014இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், மார்பகக் கலங்களில் சென்ட்ரோசோமை மட்டும் கூட்டிவிட்டார்கள். நுண்குழாய்கள் பெருகி, ராக்-1 என்ற புரதம் தூண்டப்பட்டு, கலங்கள் கூட்டத்தை விட்டு விரல் நீட்டி அயலுக்குள் புகத் தொடங்கின. பிரிவுக்கான கருவியே நகர்வையும் தூண்டுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

சில கலங்கள் நிறமூர்த்தங்களைப் பிரித்துவிட்டு, கடைசியில் நடுவால் அறுபட முடியாமல் ஒன்றாகவே நின்றுவிடும். அப்போது கணக்கு ஒரேயடியாக இரட்டிக்கும். பரவிய கட்டிகளில் இப்படி இரட்டித்தவை கூடுதலாகக் காணப்படுகின்றன. கையிருப்பு இரட்டிப்பாக இருப்பதால் ஒன்றிரண்டு தொலைந்தாலும் கலம் தாக்குப்பிடிக்கும்.

அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். இந்த ஆய்வுகள் இன்னும் மருந்துச்சீட்டுக்கு நேராக வரவில்லை. இன்று கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டியது ஈஆர், பீஆர் (ஹோர்மோன் வாங்கிகள்), ஹேர்-2 (வளர்ச்சியைத் தூண்டும் வாங்கி) என்ன முடிவு என்பது. மருந்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவைதான். கேஐ-67 உயர்ந்திருப்பது கேட்கப் பயமாக இருந்தாலும், பிரிகிற கலங்களைக் குறிவைக்கும் கீமோவுக்கு இப்படியான கட்டிகள் பெரும்பாலும் நன்றாக இணங்கும். அக்குள் கணுவில் இருப்பது நுரையீரலிலோ எலும்பிலோ இருப்பதற்குச் சமனல்ல. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மிஸ், என் மாமியாருக்கு மார்பகத்தில் சத்திரசிகிச்சை செய்து, மருந்தெல்லாம் முடித்து, சுகமாகி, பன்னிரண்டு வருடம் கழித்து முதுகெலும்பில் வந்திருக்கிறது. இவ்வளவு காலமும் அது எங்கே இருந்தது?
— கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகி

எலும்பு மச்சைக்குள்ளேயே இருந்திருக்கும், சகோதரி. முதற்கட்டி அகற்றப்படுவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்த சில கலங்கள், பிரிவுச் சக்கரத்தை விட்டு வெளியே வந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஹோர்மோனுக்கு இணங்கும் மார்பகப் புற்றுநோயில் ஐந்து வருடம் கடந்த பிறகும், இருபது வருடம்வரைகூடத் திரும்பி வரும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கிறது.

கீமோவின் பெரும்பகுதி பிரிகிற கலத்தைத் தாக்குவது. தூங்குகிற கலத்தை அது தொடாது. ஆகவே "அப்போது கொடுத்த மருந்து சரியில்லையோ" என்று யாரையும் நோகாதீர்கள். இப்போது இந்த வகைக்குப் பிரிவுச் சக்கரத்தின் வாசலிலேயே கதவடைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. சிடிகே 4, சிடிகே 6 என்ற நொதிகளைத் தடுப்பவை. பல்போசிக்லிப் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பிறகு வேறு சிலவும் வந்தன. இந்த நொதிக் குடும்பத்தையும் அதன் துணைப் புரதங்களையும் கண்டுபிடித்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் வேலை செய்தது ஈஸ்ட்டிலும் கடல் முள்ளெலி முட்டையிலும்தான். மாமியாருக்கு அந்த மாத்திரை பொருந்துமா, கிடைக்குமா என்பதை மகரகமவிலோ மட்டக்களப்பிலோ அவரைப் பார்க்கும் புற்றுநோய் டொக்டரிடம் கேளுங்கள்.

கத்தி பட்டால் பரவும் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்பாவின் நாக்குப் புண்ணில் பயொப்சி எடுக்க அவர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.
— சாம்பல்தீவிலிருந்து ஒரு மகன்

தம்பி, பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அவர்கள் கண்ட ஆட்கள் பெரும்பாலும் முற்றிய பிறகு கத்திக்குப் போனவர்கள். போன கொஞ்ச நாளில் அங்கங்கே கிளம்பியதும் பழி கத்தியின் மேல் விழுந்தது. ஈரல் போன்ற சில உறுப்புகளில் ஊசி போன வழியில் கலம் விதைபடுவது அரிதாக நடப்பதுண்டு, அங்கே டொக்டர்மார் அதற்கேற்பக் கவனம் எடுப்பார்கள். நாக்குப் புண்ணில் ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுப்பதால் அப்பாவின் நோய் ஊரெல்லாம் ஓடப்போவதில்லை. மேலே எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்: கலம் பயணம் போவதற்கு உள்ளே எத்தனை மாற்றம் வரவேண்டும் என்று. எடுக்காமல் விட்டால் அந்த மாற்றங்கள் வருவதற்கு நாம்தான் நாள் கொடுக்கிறோம். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை விடவே கூடாது.

ஒரு விடயம். தனியார் இடத்தில் எடுத்துப் போத்தலை உங்கள் கையில் தந்தால், உள்ளே போமலின் என்ற பதப்படுத்தும் திரவம் இருக்கிறதா, துண்டு நன்றாக மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில் மிதந்தபடி, நம்மூர் வெயிலில் பஸ்ஸில் அரை நாள் பயணம் செய்து வந்த துண்டுகளை நான் வாங்கி வைத்திருக்கிறேன். அப்படி வந்ததில் பிரியும் கலங்களைச் சரியாக எண்ண முடியாது. நிறமூர்த்தங்கள் மசிந்து, பிரிவா, செத்த கருவா என்றே தெரியாமல் போகும். எண்ணிக்கை குறைந்து, கிரேட்டே மாறிவிடக்கூடும்.

கீமோ ஊசி போடத் தொடங்கிய பிறகு என் கால்விரல்களும் கைவிரல் நுனிகளும் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஊசியின் பெயர் பக்லிடாக்செல். நோய் நரம்புக்குப் பரவிவிட்டதா, அக்கா?
— மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை

இரண்டு காலிலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி, நுனியிலிருந்து தொடங்கினால், அது பெரும்பாலும் மருந்தின் வேலை. ஆனாலும் அடுத்த ஊசிக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா என்று அவர்கள் பார்ப்பார்கள். சகித்துக்கொண்டு பேசாமல் இருப்பது பெருந்தன்மை அல்ல, பிறகு திரும்பி வராத மரப்பாகக்கூட ஆகிவிடலாம்.

ஏன் இப்படி? பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்த மருந்து இது. வோல், வானி என்ற இருவர் 1971இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். 1979இல் சூசன் ஹோர்விட்ஸ் அது செய்யும் வேலையைக் காட்டினார்: நுண்குழாய்களைக் கலைய விடாமல் உறையவைத்துவிடும். கலைந்து கட்டுப்பட்டால்தானே நிறமூர்த்தங்களை இழுக்கும் கதிர்நார் வேலை செய்யும்? நரம்புக் கலம் பிரிவதில்லை, ஆனால் இடுப்பிலிருந்து கால்விரல்வரை நீண்ட நரம்பிழைக்குள்ளே சாமான் ஏற்றி இறக்குவது இதே நுண்குழாய் வழியில்தான். அதனால் மிக நீளமான நரம்புகள் முதலில் வாடும்.

புற்றுக்கலத்தை அது எப்படிக் கொல்கிறது என்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. பிரிவை நடுவழியில் நிறுத்தியே கொல்கிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். 2014இல் மார்பகப் புற்றுநோயாளிகளின் கட்டிகளையே எடுத்துப் பார்த்தவர்கள், அங்கே கலங்கள் நிற்கவில்லை, மூன்று நான்கு முனைகளில் தாறுமாறாகப் பிரிந்து செத்தன என்று கண்டார்கள். கொஞ்சப் பிழை அந்தக் கலத்துக்குப் பயணச்சீட்டாகிறது என்று முதல் பதிலில் எழுதினேன். பிழையை அளவுக்கு மிஞ்ச ஏற்றிவிட்டால் அதே கலம் தாங்காது. மருந்து செய்வது இதைத்தான்.

வீட்டில் கவனம்: வெறுங்காலோடு நிலாவெளி மணலில் மத்தியான நேரம் நடக்க வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் ஏழு கிணறும் ஒரே சூடு அல்ல, மரத்த கையால் சூடு பார்க்காதீர்கள், கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டிப்பூவிலிருந்துதான் புற்றுநோய் மருந்து எடுக்கிறார்களாம். வேலியோரம் நிறைய நிற்கிறது. இலையை அவித்துக் குடித்தால் என்ன?
— தம்பலகாமத்திலிருந்து ஒரு விவசாயி

குடிக்காதீர்கள், ஐயா. உண்மைதான், வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் இரண்டும் அந்தச் செடியிலிருந்து வந்தவை. நீரிழிவுக்கு நல்லது என்று ஜமேக்காவில் நம்பியதால் கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர் ஆராயப்போய், சீனி குறையாமல் வெள்ளைக் குருதிக்கலங்கள் குறைவதைக் கண்டார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. இது பக்லிடாக்செலுக்கு நேரெதிர்: நுண்குழாய்களைக் கட்டவே விடாது. இலையில் இருப்பது மிகச் சொற்பம், ஒரு நோயாளிக்கான மருந்து எடுக்கவே மலைமலையாக இலை வேண்டும். உங்கள் குவளையில் எவ்வளவு வந்தது, அது வயிற்றில் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? போடும் கீமோவோடு மோதவும் கூடும்.

வேலியோரத்தில் கார்த்திகைப் பூக்கொடியும் நிற்கும். அதன் கிழங்கில் கொல்கிசின் இருக்கிறது, அதுவும் நுண்குழாயைக் கட்டவிடாத பொருள்தான். புற்றுக்கு மருந்தாகாது, நோயைத் தடுக்கும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளியே இல்லை. அந்தக் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் நம் நாட்டில் கொஞ்சமல்ல. ஆய்வுகூடத்தில் மட்டும் அது நல்ல பிள்ளை. பிரிவை நடுவில் நிறுத்திவைத்து நிறமூர்த்தத்தை எண்ண உதவும். மனிதனுக்கு 48 என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்ததை 46 என்று 1956இல் ஜியோவும் லெவானும் திருத்தியதும் கொல்கிசின் துணையோடுதான்.

புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலையும் பாக்கும் போட்டால் பரவாயில்லையா?
— குச்சவெளியிலிருந்து ஓர் அம்மா

இல்லை, அம்மா. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். பாக்கிலுள்ள அரெகொலின், வளர்ப்புக் கலங்களில் கதிர்நார் ஒழுங்காகக் கட்டுவதையே குழப்புகிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டு ஆண்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான். கலியாண வீட்டுத் தட்டில் ஒரு சுருள் எடுப்பதற்கும் நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கிவைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

மிஸ், நான் ஏ.எல். உயிரியல் படிக்கிறேன். கலம் பிரிவதை உண்மையாகப் பார்க்க ஆசை. புத்தகப் படம் போதவில்லை.
— நகரத்துப் பாடசாலை மாணவி

நல்ல ஆசை. சின்ன வெங்காயத்தின் அடி தண்ணீரில் தொடும்படி ஒரு போத்தல் வாயில் வை. இரண்டு மூன்று நாளில் வேர் வரும். நுனியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் வெட்டு. அதற்கு மேலே பிரிவு இல்லை, நீளுவதுதான் நடக்கிறது. மூன்று பங்கு அற்ககோலும் ஒரு பங்கு அசற்றிக் அமிலமும் கலந்ததில் பதப்படுத்தி, ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 பாகை செல்சியசில் சில நிமிடம் வைத்தால் கலங்கள் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கும். இதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரோடு செய். பிறகு அசற்றோகாமைன் சாயம், மேலே மூடித்தகடு, அதற்கு மேல் ஒற்றுத்தாள் வைத்துப் பெருவிரலால் நேராக அமத்து. வழுக்கினால் எல்லாம் உருண்டு கூழாகிவிடும், அமத்தும்போது தகடு அசையவே கூடாது.

வெங்காயத்தில் 16 நிறமூர்த்தம், ஒவ்வொன்றும் பெரிசு, எண்ண வசதி. இன்னொன்றும் கவனி: வெங்காயக் கலத்தில் சென்ட்ரோசோம் கிடையாது. அது இல்லாமலே கதிர்நார் கட்டி, அழகாக இரண்டாகப் பிரியும். பார்க்கும் கலங்களில் அநேகம் சும்மா இருக்கும், தகட்டை மெல்ல நகர்த்தித் தேட வேண்டும். இரண்டு பக்கமும் விலகிப் போகிற கட்டம் ஒன்று அகப்பட்டால் கைபேசியைக் கண்வில்லையில் வைத்துப் படம் எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்பு. நடுவில் ஏதாவது பின்தங்கி நின்றால் அதையும் விடாமல் எடு.